பழைய ரேடியோப் பெட்டிகளும் யானும்

உலகில் மாந்தர் சேர்த்து வைக்கும் பொருள்கள் பலதிறத்தன. சிலர் பொன்னைச் சேர்ப்பர். சிலர் நிலத்தைச் சேர்ப்பர். வேறு சிலர் தபால் தலைகளையும் பழங்காசுகளையும் தேடித் திரிவர். இவர்களையெல்லாம் உலகம் ஒருவாறு மதித்தே வருகின்றது. யான் சேர்ப்பனவோ ஊமையாய்ப் போன ரேடியோப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு பானை அளவு கனமுடையது. எலியின் நாற்றமும் கரப்பான் பூச்சியின் நாற்றமும் கலந்து வீசுவது. வீட்டில் வைக்க இடம் கேட்பது. புதிதாக ஒன்றை யான் துணியில் சுற்றிக் கொண்டு வாயிற்படி ஏறும்போதெல்லாம் என் மனைவி, "வந்த விருந்தாளி எத்தனை நாள் தங்குவார்?" என்று கேட்பது வழக்கம். இருபத்தேழு விருந்தாளிகள் இப்போது எங்கள் மாடியில் தங்கியிருக்கின்றனர். அவர்களுள் பத்தொன்பது பேர் பேசுவர்.

இப்பித்து எனக்கு எங்ஙனம் பிடித்தது என்பதை நமது கல்லூரி மாணவ நண்பர்களுக்கு மறையாது சொல்லிவிடுகின்றேன். அது ஒரு குற்றத்தில் தொடங்கியது. மதுரைக் கீழமாசி வீதிக்கு அண்மையில் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. கூடத்துச் சுவரில் உயரமாய் அறைந்த பலகையின்மேல் ஐந்து வால்வுப் பெட்டி ஒன்று வீற்றிருக்கும். என் அத்தை பூவேலை செய்த துணியொன்று அதன்மேல் போர்த்தப்பட்டிருக்கும். தந்தையாரைத் தவிர எவரும் அதன் குமிழைத் தொடுதல் கூடாது. பின்னர்க் கைக்கடக்கமான டிரான்ஸிஸ்டர் வந்தது. பெட்டி பரணுக்கு ஏறியது. பன்னிரண்டு வயதில் யான் ஒரு நாள் பரணேறி, ஒலிபெருக்கியின் பின்னுள்ள காந்தத்தை எடுக்கும் பொருட்டு அதைப் பிளந்தேன். காந்தம் கிடைத்தது. எஞ்சிய உடலைத் தெருவில் வந்த பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினேன். அப்பழம் இனிப்பாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தையார் என்னை அடிக்கவில்லை. அன்று மாலை ஏழேகால் மணிக்கு வெறும் பலகையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போய்விட்டார். அடித்திருந்தால் யான் எளிதில் மறந்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியின் பௌதிக சோதனைச்சாலையில் ஆசிரியர் ஒரு வால்வைக் கையில் உயர்த்திக் காட்டினார். காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவை. உள்ளே காய்ந்து சிவக்கும் ஓர் இழை. அதைச் சூழ ஒரு தகடு. இவ்வளவே 1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பார் அமைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பார் இழைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சிறு கம்பி வலையை நுழைத்தார். அவ்வலையில் எறும்பின் மூச்சளவு மின்னழுத்தம் மாறினாலும் தகட்டில் ஓடும் மின்னோட்டம் பெரிதும் மாறும். மெல்லிய ஒலி வலிய ஒலியாகும். ஆம்ஸ்ட்ராங் என்பார் 1918இல் கண்ட முறையோ இன்னும் வியப்புடையது. எந்த நிலையத்தின் அலை வந்தாலும் அதைப் பெட்டிக்குள்ளேயே பிறக்கும் மற்றோர் அலையோடு கலந்து, எல்லாவற்றையும் ஒரே இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றிப் பின் பெருக்குவது அது. எங்கள் வீட்டுப் பலகைமேல் இருந்தது இத்தகைய பெட்டியே. யான் தின்ற பேரீச்சம்பழத்தின் விலை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பு வந்த கதையையும் சிறிது சொல்லலாம். சென்னையில் 1924ஆம் ஆண்டு ஆர்வலர் சிலர் கூடி ஒரு ரேடியோ கழகம் நிறுவி அவ்வாண்டு ஜூலையில் ஒலிபரப்பத் தொடங்கினர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கம்பெனியார் நிலையம் திறந்தது 1927இலேதான். கழகம் பணமுடையால் 1927இல் ஓய்ந்தது. அதன் யந்திரத்தைச் சென்னை நகராண்மைக் கழகத்தார் ஏற்று 1930 முதல் நடத்தினர். அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே மாதத்திலும் திறக்கப்பட்டன. மதுரைச் சீமைக்கு வானொலி என்றால் நெடுங்காலம் திருச்சிதான். சிற்றூர்களில் பஞ்சாயத்துப் பெட்டி ஒரு சிறு அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும். மாலையில் அதற்கென அமர்ந்தவர் வந்து திறந்து விடுவார். மந்தையில் கூடியிருப்போர் கேட்பர். தஞ்சைப் பக்கத்து உழவர் ஆடுதுறை 27 என்னும் நெல்லை 1960களில் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சியால் அது பரவியதே காரணம். ஒரு நெல்லுக்குப் பெயரிடும் பெருமை வேறெந்தப் பெட்டிக்குக் கிடைத்தது?

ஆயினும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது கொழும்புதான். உலகப்போர்க் காலத்தில் நேசப்படையினருக்காக இலங்கையில் நிறுவப்பட்ட வலிய சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலிக்கு உரியதாயிற்று. நம் நாட்டில் 1952 முதல் பத்தாண்டு ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர் அவர்கள் சினிமாப் பாட்டை வானொலியில் பெரிதும் ஒடுக்கினார். மக்கள் முள்ளைச் சற்றே நகர்த்திக் கொழும்புக்குக் குடிபோயினர். மயில்வாகனன் அவர்கள் குரல் பாண்டிநாட்டுத் தெருக்களில் ஒலித்ததுபோல் நம் அமைச்சர் எவர் குரலும் ஒலித்ததில்லை. 1957இல் விவித பாரதி தொடங்கியது இதற்கு மாற்றாகவே.

பெட்டி தேடும் தொழிலுக்கு வருவோம். ஞாயிறுதோறும் திலகர் திடலில் கூடும் சந்தைக்கு விடிந்ததும் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் போவது வீண். ஆணி, திருகு, கழற்றிய மோட்டார், ஒற்றைச் செருப்பு இவற்றிடையே எங்கேனும் ஒரு டயல் கண்ணாடி மின்னும். காயலான் கடைகளில் காணும் காட்சி கொடிது. டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்காகவும், நிலையம் திருப்பும் தகடுகளின் அலுமினியத்துக்காகவும் பெட்டியை உடைத்து, வால்வுகளைக் கூடையில் கொட்டி வைத்திருப்பர். ஒருமுறை கண்முன்னே சுத்தியல் இறங்கக் கண்டு, "நிறுத்தும்!" என்று கூவிவிட்டேன். கடைக்காரர் விலையை மும்மடங்காக்கினார். ஆவலைக் காட்டுபவன் சந்தையில் ஏமாளி. இது யான் பலமுறை பணம் கொடுத்துக் கற்றும் இன்னும் கைவராத பாடம். மரக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புதிய கருவியைப் பொருத்திக் கைப்பேசியின் பாட்டைக் கேட்போரும் உளர். அவர்களோடு யான் வழக்காடுவதில்லை. ஆனால் அதை ரேடியோவைக் காப்பாற்றுதல் என்று அவர்கள் சொல்லும்போது வாளா இருப்பதும் எனக்கு இயலாது.

வாங்கி வந்த பெட்டியை உடனே மின்சாரத்தில் மாட்டுதல் கூடாது. இஃது இத்தொழிலின் முதல் விதி. பல்லாண்டு சும்மா கிடந்த பெட்டியில் மின்தேக்கிகள், கடைக்காரர் மொழியில் கண்டென்ஸர்கள், உள்ளே உலர்ந்தும் கசிந்தும் போயிருக்கும். அவற்றின் வழியே மின்சாரம் வரம்பின்றிப் பாய்ந்தால் டிரான்ஸ்பார்மர் கொதித்துக் கரிந்துவிடும். ஆகவே முதலில் தூசு தட்டி, குளவிக் கூட்டைப் பெயர்த்து, எலி கடித்த கம்பிகளை மாற்றி, கண்டென்ஸர்களைச் சோதித்த பின், ஒரு நூறு வாட் பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் விட வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே கேடு உண்டு. மங்கி நின்றால் அஞ்ச வேண்டியதில்லை. பழுதான கண்டென்ஸரின் அட்டைக் குழாயைக் குடைந்து, புதியதை அதனுள்ளேயே ஒளித்து மெழுகால் அடைப்பது என் வழக்கம். பார்ப்பதற்குப் பழையதே போலிருக்கும். இதை ஒரு நண்பர் பொய் என்கிறார். இருக்கட்டும்.

இவ்விதியை மாணவர் பலருக்கு யான் உபதேசித்ததுண்டு. அதனாலேயே அடுத்துச் சொல்லப்போவது எனக்கு நாணமாயிருக்கின்றது.

2012ஆம் ஆண்டு மாசி மாதம், சோழவந்தானுக்கு அப்பால் வெற்றிலைக் கொடிக்கால்களை அடுத்த ஓர் ஊரில், ஒரு மூதாட்டியார் வீட்டில் மர்பிப் பெட்டி ஒன்று உளதென்று கேள்வியுற்றுப் போனேன். எண்பத்துநான்கு வயதினர், கண் சற்று மங்கல், செவி நன்றாயிருந்தது. பெட்டி நெற்குதிரின் பக்கத்தில் சாக்கு மூடியிருந்தது. தேக்குக் கூடு கறையான் தொடாமல் அப்படியே இருந்ததைக் கண்டதும் என் நெஞ்சு படபடத்தது. முகத்தில் ஆவல் தோன்றாவண்ணம், "பழையதுதான் அம்மா, இருந்தாலும் இரண்டாயிரம் தருகிறேன்," என்றேன். அதன் விலை அதைப்போல் ஐந்து மடங்கு என்பதை யான் அறிவேன்.

"தம்பி, இது விற்கிறதுக்கு இல்லை. பேச வைக்க முடிந்தால் பேச வைத்துக் கொடு. கூலி என்னவோ தருகிறேன்," என்றார் அவர்.

பின் பெட்டியின் முதுகுப் பலகையைத் திறந்து, உள்ளே செருகியிருந்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அது தபாலாபீசில் கொடுத்த லைசென்ஸ் புத்தகம். 1959ஆம் ஆண்டின் முத்திரை முதல் ஏட்டில் இருந்தது. ரேடியோ வைத்திருப்போர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் ஒன்று இருந்ததை இக்கால மாணவர் நம்புவது அரிது; 1980களில்தான் அவ்விதி ஒழிந்தது. அவர் புத்தகத்தில் ஓராண்டும் தவறவில்லை.

அப்பெட்டியை அவர் கணவர் வாங்கியதற்குக் காரணம் அவருடைய தம்பி. தம்பி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. அக்காளுக்குக் கடிதம் எழுதுவதில் சோம்பல் உடையவர். ஆயினும் அவள் பிறந்த நாளில் இலங்கை வானொலியின் வாழ்த்து நிகழ்ச்சிக்கு எழுதிப் போட மறவார். மதுரைச் சீமையிலுள்ள அக்காளின் பெயரைக் கொழும்பு அறிவிப்பாளர் படிப்பதை ஊரே கூடிக் கேட்குமாம். 1964இல் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையின்படி ஐந்தேகால் லட்சம் தமிழர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்றாயிற்று. தலைமன்னாரிலிருந்து ஒவ்வொரு கப்பலாய் மக்கள் வந்து மண்டபம் முகாமில் இறங்கினர். தம்பி வரவில்லை, அங்கேயே மணமுடித்து அங்கேயே தங்கிவிட்டார். "1983 ஆடியில் கலவரம் என்று இந்தப் பெட்டிதான் சொன்னது. லண்டனைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஊர்ப் பேர் சொல்லுவார்கள், ஆள் பேர் சொல்லமாட்டார்கள்," என்றார் மூதாட்டியார். அதற்குப்பின் தம்பியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மறு ஆண்டு பெட்டியும் பேச்சை நிறுத்தியது. வாடிப்பட்டியில் பழுது பார்ப்பவர், வால்வுக் காலம் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார். அன்று முதல் இருபத்தெட்டு ஆண்டுகள் சாக்கின்கீழ் கிடந்தது.

இதைக் கேட்டபின் எனக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று சொன்ன நாவைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. பெட்டியை மடியிலே சுமந்து பஸ்ஸில் மதுரை வந்தேன். வந்த இரவே, அவர் சொன்ன கதையின் வேகத்தில், எப்படியாவது உடனே பேச வைத்துவிட வேண்டுமென்ற ஆத்திரத்தில், தொடர் பல்பை எடுக்க மாடிக்குப் போகச் சோம்பி, பிளக்கை நேரே சுவரில் மாட்டினேன். டயல் விளக்கு எரிந்தது. இழைகள் சிவந்தன. 'உம்' என்னும் ஓசை எழுந்தது, யான் மகிழ்ந்தேன். அவ்வோசை தடித்தது. பின் அரக்கு எரியும் நாற்றம். யான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் டிரான்ஸ்பார்மரிலிருந்து கரும்புகை எழுந்து கூரையை எட்டிற்று. உருகியிருக்க வேண்டிய பியூஸுக்குப் பதிலாக எவனோ முன்னாளில் தடித்த கம்பியைச் சுற்றியிருந்தான். எனினும் பழி அவனுடையது அன்று. இருபது ஆண்டு அனுபவமுடையவன், முதல் விதியை மீறி, ஒரு மூதாட்டியின் பொருளைத் தன் கையால் எரித்தேன். பன்னிரண்டு வயதில் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு பேரீச்சம்பழம் இல்லாமையே.

என்னிடமிருந்த வேறொரு பெட்டியின் டிரான்ஸ்பார்மரை எடுத்துப் பொருத்திவிட்டு வாய்மூடியிருக்கலாம் என்று ஒரு நினைவு வந்தது. இரண்டு இரவு அந்நினைவோடு உறங்கினேன். மூன்றாம் நாள் சோழவந்தான் பஸ் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முழுக்கப் போய்விட்டதா, பாதியா?" என்று கேட்டார். "பாதி, அம்மா," என்றேன். "அப்படியானால் மீதிப் பாதியை ஜாக்கிரதையாய்ப் பார்," என்றார். மோர் கொடுத்தார்.

டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அடைந்தேன். மிக்ஸியும் மின்விசிறியும் கட்டியே காலங்கழிப்பவர். ரேடியோ டிரான்ஸ்பார்மர் தொட்டு முப்பது ஆண்டாயிற்று என்றார். இழைக்கு மின்சாரம் தரும் தடித்த சுற்று மட்டும் கருகாதிருந்தது. அதைப் பிரித்து எண்ணினோம்: ஆறேகால் வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்டதற்கு முப்பத்திரண்டு சுற்று. ஆகவே ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ ஐந்து. இக்கணக்கைக் கொண்டே, வீட்டு மின்சாரம் புகும் சுற்றுக்கு ஆயிரத்து நூற்றைம்பதுக்கு மேலும், உயரழுத்தச் சுற்றுக்குத் தலைமயிர் போன்ற கம்பியில் இரண்டாயிரத்தைந்நூறுக்கு மேலும் சுற்ற வேண்டும் என்று துணிந்தோம். அவ்வாண்டு மின்வெட்டின் கொடுமையை மதுரையார் மறந்திரார். ஒரு மணி நேரம் மின்சாரம், ஒரு மணி நேரம் இருள். மின்சாரம் போனதும் பெரியவர் எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதி வைப்பார், வந்ததும் தொடர்வார். இருமுறை கம்பி அறுந்தது. பதினோரு நாள் ஆயிற்று. கூலி கேட்டபோது கம்பியின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, "பேசினால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்," என்றார்.

இம்முறை எல்லாக் கண்டென்ஸர்களையும் மாற்றினேன். தடித்த கம்பியை எறிந்து உரிய பியூஸ் வைத்தேன். தொடர் பல்பை மாட்டினேன். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. அரை நிமிடத்தில் இரைச்சல் எழுந்தது. முள்ளை நகர்த்த, திருச்சி பேசிற்று. ஆனால் கண்ணாடியில் திருச்சி என்று எழுதியுள்ள இடத்தில் அன்று. உலக நாடுகள் 1975இல் ஜெனிவாவில் கூடிச் செய்த ஏற்பாட்டால் 1978 நவம்பரில் மத்திய அலை நிலையங்கள் பலவும் இடம் பெயர்ந்தன. பெட்டியின் கண்ணாடியில் அச்சிட்ட ஊர்கள் எல்லாம் அன்று முதல் தம் இடத்தில் இல்லை.

பங்குனியில் பெட்டியைக் கொண்டுபோய் அவர் திண்ணையில் வைத்தேன். கூரைக்குக் கூரை ஏரியல் கம்பி கட்டினேன். இரவு எட்டரைக்கு மின்சாரம் போயிற்று. ஒன்பதேகால் மணிக்கு லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை, 1941 முதல் தமிழில் ஒலித்து வந்த அந்நிலையத்தைத்தான் அவர் கேட்க விரும்பினார். ஒன்பது ஆயிற்று, இருள். யான் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறிருந்தேன். ஒன்பது பத்துக்கு விளக்கு வந்தது. வால்வுகள் காய வேண்டுமே என்று யான் தவித்தது எனக்கே தெரியும். ஊரெங்கும் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியமையால் இரைச்சல் மிகுந்திருந்தது; அவர் பேரன் வீட்டு விளக்கு அனைத்தையும் அணைத்தான். சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாய் நகர்த்த, குரல் ஏறியும் இறங்கியும் வந்தது.

மூதாட்டியார் செய்தியை முழுதும் கேட்டார். இலங்கை பற்றி ஒரு செய்தி இருந்தது. அதில் அவர் தம்பியின் ஊர் வரவில்லை. முடிந்தபின், "கொழும்பு எங்கே?" என்றார். முன்னாளில் கொழும்பு ஒலித்த இடத்துக்கு முள்ளைக் கொண்டுபோனேன். அங்கே இரைச்சலன்றி ஒன்றுமில்லை. அவர் கையை நீட்டிப் பெட்டியின் மேற்புறத்தில் வைத்து, "சூடு அப்படியே இருக்கிறது," என்று சொல்லிச் சிறிது நேரம் கையை எடுக்காமல் இருந்தார். கூலியாக ஒரு கவுளி வெற்றிலையும் இரண்டு தேங்காயும் கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லைசென்ஸ் புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பெட்டியின் முதுகில் அவரே செருகினார்.

அதன்பின் ஆண்டுக்கொருமுறை சித்திரைத் திருவிழா முடிந்ததும் போய்ப் பெட்டியைப் பார்த்து வந்தேன். ஒருமுறை வெளியீட்டு வால்வு தளர்ந்து போக, பெங்களூரில் முன்னாளில் செய்த வால்வு ஒன்றைத் திலகர் திடலில் தேடி எடுத்துப் பொருத்தினேன். 2016இல் அவர் காலமானார். பேரன் பெட்டியைக் கொண்டுவந்து என் வாயிலில் இறக்கி, "ஆத்தா உங்களிடம் கொடுக்கச் சொன்னது," என்றான். விலை பேச எனக்குத் துணிவில்லை, அவனும் பேசவில்லை. மாடியிலுள்ள இருபத்தேழில் யான் அதைச் சேர்த்து எண்ணுவதில்லை; அது கீழே கூடத்தில் இருக்கின்றது.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்று அறிவித்தனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. வைண்டிங் கடைப் பெரியவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஒன்பது மணிக்கே பெட்டியைத் திறந்து காயவிட்டோம். ஒன்பதேகாலுக்குக் குரல் தெளிவாகவே வந்தது. முடிந்தபின் அவ்விடத்தில் இரைச்சல் மட்டும் இருந்தது. பெரியவர் பெட்டியின் பின்னே குனிந்து டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பார்த்து, "அளவோடுதான் காய்கிறது," என்றார். சிறிது நேரம் கழித்துக் குமிழைத் திருகி அணைத்தேன்.